ஷண்டிங் காட்டிய தப்புக் கொடி

திருச்சிராப்பள்ளியில் இன்றுவரை பிறந்து வளர்ந்த மனிதர்களில் திரும்பத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். நின்ற இடத்தில் உடம்பைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்து நிற்பது என்ற காரியத்தை நீங்களும் நானும் யோசிக்காமல் செய்கிறோம். அவர் செய்ய மாட்டார். கடைக்குப் போய்க்கொண்டிருப்பார். பாதி வழியில், பையை மறந்தது நினைவுக்கு வரும். நிற்பார். வலது கையால் காற்றில் எதையோ பிடித்துத் தன் பக்கம் இழுப்பார். ஒரு மூச்சு விடுவார். பிறகு முகம் கடைப்பக்கமே இருக்க, பின்னாலேயே நடந்து வீடு வந்து சேர்வார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைப் பங்குச் சாமியாரும் சம்பளக் குமாஸ்தாவும் மட்டும் சொல்வார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் ஷண்டிங். பெயர் வைத்தது நான்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை, அவரும் பட்டதில்லை. என் வருத்தம் வேறு. அவர் தன் மகள் வீட்டு வாசலில் ஒரு தடவை தப்புக் கொடி காட்டினார் என்று ஒரு கதையைப் பல வருஷம் சொல்லி, ஊரைச் சிரிக்க வைத்தேன். சிரிப்பு நன்றாகக் கிடைத்ததால் உண்மை எனக்குத் தேவைப்படவில்லை. இப்போது வயது, சிரிப்பை விட உண்மை தேவைப்படுகிற வயது. அதனால் அதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், பி.ஏ. முடித்த கையோடு, பொன்மலைப் பக்கம் ரயில் இஞ்சின்களை நிறுத்துகிற ஒரு லோகோ ஷெட் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் காவிரியைத் தாண்டி வருவேன், சாயங்காலம் தாண்டிப் போவேன். அதனால் ஷண்டிங் எனக்கும் ஒரு பெயர் வைத்தார்: ஸ்ரீரங்கம். "என்ன ஸ்ரீரங்கம், காவிரியில தண்ணி வந்துடுச்சா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

அவர் யார்டில் ஷண்டிங் டிரைவர். மற்ற டிரைவர்கள் மதுரை, மாயவரம், விழுப்புரம் என்று போய் வந்து அந்தந்த ஊர்க் காப்பியைப் பற்றிப் பேசுவார்கள். இவருடைய இஞ்சின் யார்டை விட்டு வெளியே போகாது. நாலு வேகனை இங்கே தள்ளும், ரெண்டு பெட்டியை அங்கே இழுக்கும், மறுபடி வந்த இடத்துக்கே வரும். அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. லைனில் ஓட்டுகிறவர்களை அவர் டிரைவராகவே ஒப்புக்கொள்ள மாட்டார்.

"காலையில லீவரை முன்னாடி போட்டான்னா மதுரையிலதான் எடுக்கறான். அவன் எங்க ஓட்டறான்? தண்டவாளம் இழுத்துக்கிட்டுப் போகுது. முன்னாலயும் ஓட்டணும், பின்னாலயும் ஓட்டணும். அவன்தான் டிரைவர்."

ஒரு நாள் ஆபீசுக்கு வந்தவரிடம், நீராவி இஞ்சின் எப்படிப் பின்னால் போகிறது, லாரி மாதிரி அதற்கும் ரிவர்ஸ் கியர் உண்டா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் லாரி என்ற சொல்லுக்கே நான் வெட்கப்பட்டேன்.

"லாரியில முன்னாடி போக நாலு கியர், பின்னாடி வர ஒண்ணே ஒண்ணு. இது நியாயமா, ஸ்ரீரங்கம்? நீராவிக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது. முன்னாடி என்ன பலமோ, பின்னாடியும் அதே பலம்."

என் மேஜையிலிருந்த மர ஸ்கேலை எடுத்தார். நெட்டுக்குத்தாகப் பிடித்து, நடுவில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். கீழ் முனையை முன்னும் பின்னும் ஆட்டினார். கீழ் முனை முன்னால் போனால் மேல் முனை பின்னால் போயிற்று. கீழ் முனை பின்னால் வந்தால் மேல் முனை முன்னால். விரல் இருந்த நடு இடம் மட்டும் அசையவில்லை.

இஞ்சினின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வளைந்த இரும்பு இருக்கிறது, சக்கரம் சுற்றச் சுற்ற அது இப்படி ஆடிக்கொண்டே இருக்கும் என்றார். அதிலிருந்து ஒரு கம்பி போய், நீராவி எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்று கதவைத் திறந்து மூடுகிறது. டிரைவர் கையில் இருக்கும் லீவர் செய்வது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கம்பியை ஏற்றி இறக்குகிறது. கம்பி கீழ்ப் பாதியில் இருந்தால் இஞ்சின் முன்னால் போகும். மேல் பாதியில் இருந்தால் கதவு திறக்கிற முறை தலைகீழாகி, பின்னால் போகும். நடுவில் நிறுத்தினால் கதவுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அடுப்பில் நெருப்பு இருக்கும், பாய்லரில் நீராவி முட்டிக்கொண்டு நிற்கும். இஞ்சின் மட்டும் எந்தப் பக்கமும் போகாது.

"முன்னாடிக்கும் பின்னாடிக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்," என்று கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் காட்டினார். "ஆனா நடுவுல வந்துதான் போகணும். நடுவைத் தாண்டாம எவனும் திசை மாத்த முடியாது."

இதில் ஒரு விதியும் உண்டு. முதலில் நீராவியை மூட வேண்டும். இஞ்சின் முழுசாக நிற்க வேண்டும். அப்புறம்தான் லீவரில் கை. புதிதாக வந்த ஒருவர் நீராவியை மூடாமல் லீவரின் பிடியை விடுவித்தார். அது உதைத்த உதையில் அவருடைய முன்பல் ஒன்று நிலக்கரியோடு கலந்துவிட்டது. அதைத் தேடிக் கொடுத்ததும் ஷண்டிங்தான். கொடுத்துவிட்டு, "நீங்க லீவரைக் கேட்டீங்க, அது பதில் சொல்லிடுச்சு" என்றாராம்.

ஸ்கேல் விளக்கம் எனக்கு மட்டும் கிடைத்த பாக்கியம் என்று நினைத்தேன். ஊரில் கிடைக்காதவர்களே இல்லை என்று பிறகு தெரிந்தது. முடிவெட்டுகிறவருக்குச் சீப்பை வைத்து விளக்கியிருக்கிறார். பாலக்கரையில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாரிலிருந்து முருங்கைக்காயை எடுத்து மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு விளக்கியதில், சித்தப்பாவின் புதுச் சட்டை வீணாயிற்று. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கெஜக்கோலைக் கையில் எடுத்துவிட்டார், பின்னால் நின்ற பெண்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

பின்னால் நடப்பதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. இஞ்சின் தானாகத் திரும்பாது. அதைத் திருப்ப வேண்டுமானால் ஷெட்டில் இருக்கிற வட்டமான டர்ன்டேபிள்மேல் ஏற்றி, ஆட்கள் தள்ளிச் சுற்ற வேண்டும். "டர்ன்டேபிள் இல்லாத இடத்துல திரும்பறது முறையில்லை" என்பார். பாலக்கரையில் போக்குவரத்துப் போலீஸ்காரர் நிற்கிற வட்டமேடை ஒன்று இருந்தது. அந்த மேடையைச் சுற்றி வந்து அவர் திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர் பழகிப்போய் வழி விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஸ்ரீரங்கத்துக்குச் சாப்பிட அழைத்தேன். அம்மாவுக்கு நான் முன்கூட்டியே கொஞ்சம் சொல்லி வைத்திருந்தேன். சொன்னது போதவில்லை. சாம்பார் சாதம் முடிந்ததும் அம்மா இன்னும் கொஞ்சம் சாதம் போடப் போனாள். அவர் கையை மறித்து, "கிளம்பறப்போதான் லீவரை முழுசா முன்னாடி தள்ளணும், அம்மா. ஓட ஆரம்பிச்சப்புறம் நடுவுப் பக்கம் கொண்டாந்துடணும். நீராவி மிச்சம். இனிமே ரசம் மட்டும்" என்றார்.

அம்மா என்னைத் தனியாக அழைத்து, "ஏன்டா, இவருக்கு வயத்துல ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள்.

விடைபெற்றுத் தெருக்கோடி வரை போனவருக்குக் குடையை மறந்தது நினைவுக்கு வந்தது. நின்றார். காற்றில் லீவரை இழுத்தார். பின்னாலேயே நடந்து வந்தார். அவர் முகம் கோபுரத்தின் பக்கம் இருந்தது. சந்நிதியிலிருந்து வரும்போது பெருமாளுக்கு முதுகு காட்டாமல் பின்னால் நடந்து வருவது எங்கள் ஊர் வழக்கம். ஆனால் சந்நிதி வாசலோடு அதை நிறுத்திக்கொள்வோம். வீதியிலும் விடாமல் ஒருவர் அப்படி வருவதைக் கண்ட எதிர்வீட்டுப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

"கோபுரத்துக்குக்கூட முதுகு காட்டாம வரார் பாரும். என்ன பக்தி. இந்த ஸ்வாமி யார்? எந்த திவ்யதேசத்திலேர்ந்து எழுந்தருளியிருக்கார்?"

"பாலக்கரை, மாமா. சர்ச்சுக்குப் பக்கத்து வீடு" என்றேன். பெரியவர் கூப்பின கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

இப்படி உலகத்தில் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் ஓட்டத் தெரிந்த மனுஷருக்கு, வீட்டில் சொன்ன சொல்லை மட்டும் ஓர் அங்குலம் பின்னால் எடுக்கத் தெரியாது. "இட்லி வேண்டாம்" என்று ஒரு காலையில் கோபத்தில் சொல்லிவிட்டு, அந்த வருஷம் முழுக்க இட்லி சாப்பிடாமல் இருந்தவர். அவர் மனைவி அன்னம்மா அக்காவுக்கு இது பழக்கம். ஆனால் மகள் ஸ்டெல்லா விஷயத்தில் சொன்ன சொல் இட்லி மாதிரி இல்லை.

ஒரே மகள். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, யார்டின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொடிகளைப் பார்த்தே வளர்ந்தவள். எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம் என்பது, இஞ்சினுக்குக் கரி போடுகிற பயர்மேன்களில் பாதிப் பேரை விட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் சூசை என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். நல்ல பையன், அதே சர்ச், குடிப்பதில்லை. ஒரே ஒரு குறை. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் அவன் லாரி டிரைவர்.

"நாலு முன்னாடி, ஒண்ணு பின்னாடி போறவன் வீட்டுலயா என் பொண்ணு?" என்றார் ஷண்டிங். முதலில் நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கல்யாணம் நடந்தது, அவர் போகவில்லை. இனி அவள் இருக்கிற திசையில் லீவர் போட மாட்டேன் என்றும், அவளும் தன் வாசல்படி ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். சூசை அதே சர்ச் தெருவில் ஒரு வீடு பார்த்துக் குடிவைத்தான். அன்றிலிருந்து ஷண்டிங் அந்தத் தெரு வழியாகச் சர்ச்சுக்குப் போவதில்லை. சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டு போவார். ஸ்டெல்லாவுக்குக் குழந்தை பிறந்தது. அன்னம்மா அக்கா காய்கறி வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, காய்கறி இல்லாமல் திரும்பி வருவாள். குழந்தைக்கு எட்டு மாதமோ ஒன்பது மாதமோ ஆகிற வரை தாத்தா அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் யார்டில் அவருடைய இஞ்சின் அடிக்கடி லீவரை நடுவில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க ஆரம்பித்தது. அவருடைய பயர்மேன் மாணிக்கம் என்னிடம் வந்து, "மூணு நிமிஷ வேலைக்கு முப்பது நிமிஷம் நிக்கறாரு சார். கேட்டா யோசிக்கறேங்கறாரு. இஞ்சின்ல நின்னுக்கிட்டு யோசிச்சு நான் பார்த்ததில்லை" என்றான். அன்னம்மா அக்காவுக்கும் பொறுமை போய்விட்டது. "யார்டுல நூறு தடவை பின்னாடி வராரு. வீட்டுல ஒரு தடவை வந்தா என்ன தேஞ்சா போயிடுவாரு?" என்று என்னிடமே கேட்டாள். நான் தைரியம் வரவழைத்துக்கொண்டு ஒரு நாள் அவரிடம் அதைப் பற்றி ஆரம்பித்தேன். "காவிரியில தண்ணி வந்துடுச்சா, ஸ்ரீரங்கம்?" என்றார். அது கோடைக்காலம்.

அந்த வருஷம் சர்ச் திருவிழாவில் அந்தோணியார் தேரை நடத்திக்கொண்டு போகிற பொறுப்பு அவருக்கு வந்தது. அந்தச் சர்ச்சின் தேருக்கு முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம். முன் வடத்துக்காரர்கள் இழுப்பார்கள். பின் வடத்துக்காரர்கள் பள்ளத்தில் தேர் ஓடிவிடாமல் பிடிப்பார்கள், முனையில் திருப்பும்போது கொஞ்சம் பின்னால் இழுத்துக் கொடுப்பார்கள். பேண்டு வாத்தியமும் வெடியும் சேர்ந்து யார் கத்துவதும் யாருக்கும் கேட்காமல், முந்தின வருஷம் தேர் ஒரு டீக்கடையின் கூரையைக் கூடவே அழைத்துக்கொண்டு வந்துவிட்டது. அதனால்தான் பங்குச் சாமியார் ஷண்டிங்கைக் கூப்பிட்டார். கத்த வேண்டாம், கொடி போதும் என்றார் ஷண்டிங்.

தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று அப்புறம்தான் கேட்டார். வழக்கமான தெருதான், ஸ்டெல்லா இருக்கிற தெரு. வழியைக் கொஞ்சம் மாற்றலாமா என்று கேட்டுப் பார்த்தார்.

"அந்தோணியார் எந்தத் தெருவுல போகணும்னு நீ முடிவு பண்ணாதய்யா. உனக்குப் பிடிக்கலைன்னா கண்ணை மூடிக்க" என்றார் சாமியார்.

முந்தின ஞாயிறு, சர்ச் மைதானத்தில் ஒத்திகை. பின் வடம் முழுக்க எங்கள் ஷெட் ஆட்கள். முன் வடம் மண்ணச்சநல்லூர் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள். வருஷா வருஷம் வேண்டுதலுக்காக வந்து இழுக்கிறவர்கள். அவர்களுக்குத் தலைமை சூசை. ஷண்டிங் பாடம் நடத்தும்போது சூசையின் தலைக்கு மேலே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தே பேசினார்.

ரயில்வேயில் கொடிக்கு இலக்கணம் உண்டு. பச்சைக் கொடியைக் குறுக்கே, இடமும் வலமுமாக ஆட்டினால் "என்னை நோக்கி வா." மேலும் கீழுமாக ஆட்டினால் "என்னை விட்டுத் தள்ளிப் போ." சிவப்பைக் காட்டினால் நில். ஷண்டிங் தேருக்கு முன்னால், தேரைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்து போவார். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் கிடையாது.

மில்காரர்களுக்கு இது பிடிபடவில்லை. அவர்களில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். "ஏங்க, கையை இப்படிக் குறுக்க ஆட்டினா வேணாம்னுதானே அர்த்தம்? மேலயும் கீழயும் ஆட்டினாத்தானே வா வான்னு கூப்பிடறது? நம்ம ஊர்ல மாட்டைக்கூட அப்படித்தாங்க கூப்பிடுவோம்."

அவர் சொன்னது நியாயம்தான். ஊர் முழுக்க ஆளைக் கூப்பிடுவது அப்படித்தான். ரயில்வேக்காரனுக்கு மட்டும் அது "போ." ஷண்டிங் கொஞ்ச நேரம் அந்தப் பெரியவரையே பார்த்தார். பிறகு, குழப்பம் வேண்டாம், நான் தெரு நெடுக மேலும் கீழும் ஆட்டவே மாட்டேன், குறுக்கேதான் ஆட்டுவேன், அதற்கு இழுங்கள், பின்னால் போக வேண்டிய முனைகளில் மாணிக்கத்துக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தது என்ன என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் வெயில் தணிந்ததும் தேர் கிளம்பியது. எனக்கு அவர் கொடுத்த வேலை, பக்கத்திலேயே நடந்து அவர் குடையையும் சிவப்புக் கொடியையும் வைத்துக்கொள்வது. மாணிக்கம் தேரின் பக்கவாட்டில் நடந்து, கொடியைப் பார்த்துப் பின் வடத்துக்குக் குரல் கொடுத்தான். பச்சைக் கொடி குறுக்கே ஆட ஆட, தேர் எண்ணெய் போட்ட மாதிரி வந்தது. டீக்கடைக்காரர் இந்தத் தடவை கூரையைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கே ஏமாற்றமாகப் போயிற்று.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தேர் நிற்பதற்கென்று சில இடங்கள் உண்டு. மற்ற வீட்டுக்காரர்கள், போகிற தேரின் மேல் உப்பும் மிளகும் பூவும் எறிவதோடு சரி. ஆனால் தேர் தானாக ஒரு வீட்டு வாசலில் நின்றுவிட்டால், அந்த வீட்டார் வெளியே வந்து மாலை கொடுக்க வேண்டும். தேர் நடத்துகிறவர் அதைத் தன் இரண்டு கையாலும் வாங்கி மேலே ஏற்றினால்தான் தேர் நகரும். அதை மறுக்கிற உரிமை யாருக்கும் கிடையாது.

ஸ்டெல்லாவின் வீடு தேர் நிற்கிற இடம் இல்லை.

தேர் அந்த வீட்டை நெருங்கியது. ஸ்டெல்லா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பாதி மறைவில் நின்றாள். கையில் மாலை. போகிற தேரின் மேல் எறிவதற்கு. அவளுக்குப் பின்னால் அன்னம்மா அக்காவின் புடவை தெரிந்தது. பின்னாலேயே நடந்து வந்த ஷண்டிங் அந்த வாசலைத் தாண்டிய பிறகுதான் அதைப் பார்க்க முடியும். தாண்டினார். பார்த்தார். குழந்தை தேரைப் பார்க்கவில்லை, ஆடிக்கொண்டிருந்த பச்சைக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஷண்டிங் நின்றார். ஒரு மூச்சு விட்டார். குறுக்கே ஆடிக்கொண்டிருந்த கொடி, மேலும் கீழுமாக ஆட ஆரம்பித்தது.

மாணிக்கம் ஒரு தடவை பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான். ஆனால் கொடியை எதிர்த்துக் கேள்வி கேட்கிற வழக்கம் ஷெட்டில் இல்லை. "பின்னாடி இழு" என்று குரல் கொடுத்தான். எங்கள் ஆட்கள் மொத்தமும் பின்னால் சாய்ந்தார்கள். முன்னாலோ, இதுவரை வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது போலவே ஆட்டிக்கொண்டிருந்த மனுஷர் இப்போதுதான் ஒழுங்காக வா வா என்று கூப்பிடுகிறார் என்று மில்காரர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாட்டைப் பற்றிச் சொன்ன பெரியவர் எல்லோருக்கும் முன்னால் இழுத்தார். முன் வடம் விறைத்தது. பின் வடம் விறைத்தது. தேர் ஒரு முனகல் முனகிவிட்டு, ஸ்டெல்லாவின் வாசலுக்கு நேர் எதிரே, எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. மேலே அந்தோணியாரின் கையிலிருந்த லில்லிப் பூ மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கொடி" என்றேன் மெதுவாக.

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. உதடு அசைவது தெரியாமல் சொன்னார். "தெரியும், ஸ்ரீரங்கம். லீவரை நடுவுல வச்சிருக்கேன். சும்மா இருங்க."

பேண்டு நின்றது. பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"தேர் நின்னுடுச்சு, சாமி."

"அது தெரியுது. ஏன்?"

"ரெண்டு பக்கமும் சரியா இழுக்கறாங்க."

சாமியார் முன் வடத்தைப் பார்த்தார், பின் வடத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அவரும் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ பேர் செய்த பாவத்தைச் சொல்லக் கேட்டவர். "நின்னது நின்னுடுச்சு. அந்த வீட்டுக்காரங்க மாலை கொண்டாங்க" என்றார்.

ஸ்டெல்லா வந்தாள். அவள் கையில் மாலையும் இருந்தது, குழந்தையும் இருந்தது. அவர் கையில் கொடி. அவர் கொடியை என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் குழந்தை அதன் துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கொடியின் ஒரு முனை தாத்தாவிடம், இன்னொரு முனை பேரனிடம். அந்த நேரத்திலும் எனக்கு ஸ்கேல்தான் ஞாபகம் வந்தது.

ஸ்டெல்லா தலை நிமிராமல் சொன்னாள். "அப்பா. கொடியை மாத்திக் காட்டிட்டீங்க."

வேலியோரம் நின்று வளர்ந்த பெண். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"ஆமாம்மா. வயசாயிடுச்சு, கை மாறிப் போச்சு" என்றார் ஷண்டிங். சொன்ன எதையும் திருப்பி எடுக்காத மனுஷர், அந்தத் தெருவே கேட்கிற மாதிரி இன்னொரு தடவையும் சொன்னார். "தப்பு என் பேர்லதான்."

இரண்டு கையாலும் மாலையை வாங்கி மேலே கொடுத்தார். பிறகு, முன் வடத்தின் முனையில் வியர்த்துக் கொட்டி நின்ற சூசையை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "மாப்பிள்ளை, கொஞ்சம் தளர்த்துங்க. கிளம்பலாம்" என்றார். சூசையும் அவன் ஆட்களும் வடத்தை மொத்தமாக விட்டுவிட்டார்கள். பின் வடத்துக்காரர்கள் பத்துப் பேரும் ஒருவர் மேல் ஒருவராக உட்கார்ந்தார்கள். தேர் பின்னால் உருண்டு, சற்று முன் தாண்டி வந்த டீக்கடையின் பெஞ்சு ஒன்றை உடைத்தது. கடைக்காரருக்கு மனசு நிறைந்தது.

இதுதான் நடந்தது. நான் சொல்லி வந்தது இது இல்லை.

மறுநாள் ஷெட்டில் நான் சொன்ன கதையில், லீவரை நடுவில் வைத்திருப்பதாக அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இல்லை. இத்தனை வருஷ சர்வீசில் ஒரு தப்புக் கொடி காட்டியதில்லை என்று மார் தட்டியவர், அந்தோணியாரையே நடுத்தெருவில் கட்டிப்போட்டார் என்று சொன்னேன். அது பறந்தது. அன்றிலிருந்து அவர் யார்டுக்குள் நுழைந்தால், பொடிப் பயல்கள்கூடக் கையை மேலும் கீழும் ஆட்டி, "அண்ணே, இது 'வா'வா, 'போ'வா?" என்று கேட்டார்கள். அறுபதுகளின் கடைசியில் அவர் ஓய்வு பெற்ற விழாவிலும் நான்தான் பேசினேன். அபிநயத்தோடு பேசினேன். பெரிய அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த ஷண்டிங்கும் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

அந்த மனுஷரிடம் ஊருக்குக் காட்ட இருந்தது ஒரே ஒரு பெருமை. அதை அவர் மகளுக்காகத் தன் கையாலேயே கீழே வைத்தார். நான் அதை எடுத்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டேன்.

விழா முடிந்து, ஸ்டெல்லாவின் வீட்டில் சாப்பாடு. சூசையின் லாரி அந்த வாசலிலேயே நின்றிருந்தது. அதற்குப் பின்னால் போக ஒரு கியர் போதும் என்று அவர் சூசையிடம் ஒப்புக்கொண்டிருந்தார், ஓட்டுகிறவன் நல்லவனாக இருந்தால். சாப்பிட்டதும் என்னை பஸ் நிற்கிற இடம் வரை கொண்டுவிட வந்தார், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கதையை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பதற்கு அருகில் ஏதோ. அவர் முந்திக்கொண்டார்.

"நல்லாத்தான் சொன்னீங்க, ஸ்ரீரங்கம். அப்படியே இருக்கட்டும். வேணும்னே நடுவுல நிறுத்தினேன்னு ஊருக்குத் தெரிஞ்சா, அந்தப் பொண்ணுகிட்ட நான் தோத்தேங்கறது போயிடும். தோத்தது நல்லாயிருக்கு."

அடுத்த வாரம் எனக்கு மாற்றலாகிவிட்டது. அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த செய்திகூட எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. ஆனாலும் அந்தச் சாயங்காலம் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஷண்டிங் நின்றார், காற்றில் லீவரை இழுத்தார். பேரனும் தன் சின்னக் கையால் ஒரு லீவரை இழுத்தான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தபடியே, பின்னாலேயே நடந்து வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்களைப் பிரிந்தபோதெல்லாம் நான் கடைசியாகப் பார்த்தது முதுகைத்தான். அவர் ஒருவரை மட்டும், தெரு முனை மறைக்கிற வரை, முகமாகவே பார்த்தேன்.